யூஎஸ்பியில் தரவு சிந்துகிறது, எங்கே கை வைப்பது?

திருகோணமலையில் ஆழ்கடலைத் தேடி வெகுதூரம் போகத் தேவையில்லை. துறைமுக வாயிலருகிலேயே கடலடியில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு இறங்கத் தொடங்கிவிடுகிறது. கோணேசர் கோயில் மலையில் நின்றபடியே நீலத்திமிங்கிலம் பார்த்தவர்கள் ஊரில் உண்டு. வாடை ஓய்ந்து கடல் அடங்கியதும் படகில் போய் அந்தச் சத்தங்களைப் பதிவு செய்வோம் என்று நானும், வளாகத்தில் படிக்கிற ஒரு தம்பியும் கருவி ஒன்று செய்யத் தொடங்கினோம். நான்கு ஹைட்ரோபோன், அதாவது தண்ணீருக்குள் இறக்கும் மைக். அவை தரும் சத்தத்தை எண்ணாக மாற்ற ஏடிசி. அந்த எண்களை யூஎஸ்பி வழியே அனுப்ப எஃப்எக்ஸ்2 சிப் வைத்த ஒரு போர்டு. வாங்கிச் சேமிக்க ஒரு ராஸ்பெரி பை 3, அதாவது கையளவுக் கணினி.

உப்புவெளியிலிருந்து முதல் தடவை போய் வந்து பதிவைப் போட்டுக் கேட்டால், சில செக்கனுக்கு ஒரு தடவை ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஸ்பேர்ம் திமிங்கிலம் டிக் டிக் என்றுதான் பேசும் என்பதால் கொஞ்ச நேரம் சந்தோஷமாகவே இருந்தோம். அப்புறம் அலையை விரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒழுங்காக ஓடி வந்த கோடு ஓரிடத்தில் வெட்டுப்பட்டு, வேறொரு உயரத்திலிருந்து தொடர்கிறது. நடுவில் இருந்த தரவு எங்கேயோ சிந்திவிட்டது.

“அண்ணை, யூஎஸ்பி 2 காணாது போல. 3 உள்ள போர்ட் ஒண்டு எடுப்பமே?” என்றான் தம்பி.

உடனே ஓம் சொல்லியிருந்தால் காசும் போயிருக்கும், அந்த வருடக் கடலும் போயிருக்கும். புதுப் போர்டு என்பது எங்களுக்கு முன்னால் இருந்த ஆறேழு வழிகளில் ஒன்றுதான். எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசிக்கு வைப்பது என்று உட்கார்ந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். எங்களுடையது ஹைட்ரோபோன். உங்களுடையது ஸ்கேனராகவோ, லாஜிக் அனலைசராகவோ, ஏதோ ஓர் அளவுக் கருவியாகவோ இருக்கலாம். கணக்கு ஒன்றுதான்.

குழாய் உண்மையிலேயே சிறியதா?

நான்கு சானல். ஒவ்வொன்றிலும் செக்கனுக்கு 5 லட்சம் மாதிரி (சாம்பிள்), அதாவது ஏடிசி அளந்து தரும் எண். ஒரு மாதிரிக்கு 2 பைட். பெருக்கினால் செக்கனுக்கு 40 லட்சம் பைட், அதாவது 4 மெகாபைட். இனி யூஎஸ்பி பக்கம் பார்ப்போம். 2000ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0இன் ஹை ஸ்பீட் 480 மெகாபிட். அதை 8 ஆல் வகுத்து 60 மெகாபைட் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாறுவோம். ஹை ஸ்பீடில் நேரம் 125 மைக்ரோசெக்கன் துண்டுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு துண்டையும் மைக்ரோஃபிரேம் என்பார்கள். தரவை மொத்தமாக அனுப்பும் யூஎஸ்பி முறைக்கு பல்க் என்று பெயர். அதில் பாக்கெட் ஒன்றின் உச்ச அளவு 512 பைட். ஒரு மைக்ரோஃபிரேமுக்குள் அப்படி 13 பாக்கெட்தான் அடங்கும். 13 × 512 × 8000 என்று போட்டால் செக்கனுக்கு சுமார் 53 மெகாபைட். இது தாளில் உள்ள உச்சம். நடைமுறையில் 35, 40 வந்தால் நல்லது என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் எங்கள் தேவை அதில் பத்தில் ஒரு பங்குதான்.

ஆக, குழாய் சிறியதில்லை. ஆனால் இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் ‘யூஎஸ்பி 2.0’ என்று போட்டிருக்கும் பல மலிவான மைக்ரோகன்ட்ரோலர்கள் உள்ளே ஃபுல் ஸ்பீடில்தான் ஓடும், அதாவது 12 மெகாபிட். அதில் பல்க் பாக்கெட் 64 பைட், ஒரு மில்லிசெக்கனுக்கு அதிகபட்சம் 19 பாக்கெட், மொத்தம் செக்கனுக்கு 1.2 மெகாபைட். உங்கள் சிப் அந்த வகை என்றால் டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் மென்பொருளை, என்ன பாடுபடுத்தினாலும் 4 மெகாபைட் வராது. லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மரவடிவில் ஓட்டினால், ஒவ்வொரு கருவிக்கும் பக்கத்தில் 12எம் அல்லது 480எம் என்று காட்டும். வேறெதையும் தொடுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

எங்களுடையது 480தான் காட்டியது. அப்படியானால் எங்கே சிந்துகிறது? எஃப்எக்ஸ்2 சிப்பில் ஒரு பல்க் எண்ட்பாயின்டுக்கு (கருவியில் தரவு வெளியேறும் வாசல்) 512 பைட் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) நான்கு வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 2048 பைட். செக்கனுக்கு 4 மெகாபைட் வேகத்தில் அது நிரம்ப 512 மைக்ரோசெக்கன் போதும், அரை மில்லிசெக்கனுக்குக் கொஞ்சம் அதிகம். ஹோஸ்ட், அதாவது எங்கள் பை, அந்த நேரத்துக்குள் வந்து வாங்காவிட்டால் ஏடிசி கொட்டுகிற அடுத்த மாதிரிக்கு இடமில்லை. ஏடிசி யாருக்காகவும் நிற்காது.

எங்கள் முதல் நிரல் என்ன செய்தது தெரியுமா? லிப்யூஎஸ்பி என்ற நிரல் நூலகத்தில் ஒரு பல்க் வாசிப்பைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும். வந்ததும் அதை எஸ்டி கார்டில் எழுதும். எழுதி முடித்து அடுத்த வாசிப்பைக் கொடுக்கும். எழுதினவன் நான்தான், பழியை வேறு யார் தலையிலும் போட முடியாது.

பாதை

கிண்ணியாப் பாலம் 2009இல் திறப்பதற்கு முன் அந்தக் கரைக்குப் போனவர்களுக்குப் ‘பாதை’ தெரியும். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை போய்த் திரும்பும் மிதவை. பாதை எவ்வளவு வேகமாகப் போகிறது என்பது இக்கரையில் நிற்பவனுக்குப் பெரிய விஷயமே இல்லை. அது அக்கரையில் இறக்கி, திரும்பி, மறுபடி வந்து சேருகிற வரை இக்கரையில் சனம் சேர்ந்துகொண்டே இருக்கும். அதுதான் விஷயம்.

ஒரு வாசிப்பைக் கொடுத்து, முடிந்த பிறகு அடுத்ததைக் கொடுக்கிற நிரல் இந்த ஒற்றைப் பாதைதான். யூஎஸ்பியில் கருவி தானாக எதையும் அனுப்பாது. ஹோஸ்ட் கேட்டால்தான் கொடுக்கும். ஒரு வாசிப்பு முடிந்து அடுத்தது வந்து சேருகிற வரை ஹோஸ்ட் அந்த எண்ட்பாயின்டைக் கேட்கவே கேட்காது. அந்த இடைவெளியில் கம்பி சும்மா கிடக்கிறது, கருவியின் பஃபர் நிரம்பி வழிகிறது. 512 பைட் வாசிப்பு ஒன்றுக்குப் போய்வர இரண்டு மைக்ரோஃபிரேம், அதாவது 250 மைக்ரோசெக்கன் ஆகிறது என்று வையுங்கள். செக்கனுக்கு 2 மெகாபைட்டுக்கு மேல் வராது. 53 மெகாபைட் போகக்கூடிய கம்பியில்!

இதைப் புரிந்துகொண்டால் மிச்ச வழிகளை எடைபோடுவது சுலபம். ஒவ்வொரு வழியிடமும் ஒரே கேள்வி: நீ அந்த இடைவெளியை என்ன செய்கிறாய்?

பெரிய பாதையா, பல பாதைகளா?

மிகச் சுலபமான திருத்தம் வாசிப்பின் அளவைக் கூட்டுவது. 512 பைட்டுக்குப் பதிலாக ஒரே தடவையில் 16 கிலோபைட், 64 கிலோபைட் கேட்பது. ஒரு வரி மாற்றம்தான். பலன் நிச்சயம் உண்டு: 16 கிலோபைட் கேட்டால் நான்கு மில்லிசெக்கனுக்கு ஒரு தடவைதான் இடைவெளி வருகிறது. அளவு மட்டும் 512இன் மடங்காக இருக்கட்டும். 1000 பைட் என்று அழகான எண்ணாகக் கேட்டால், கடைசிப் பாக்கெட் பஃபருக்குள் அடங்காமல் ஓவர்ஃபுளோ பிழை வந்து நிற்கும். காலக்கெடு தாண்டிப் பிழை வந்தாலும், அதற்குள் வந்து சேர்ந்த பைட்டுகள் எத்தனை என்று பார்க்க வேண்டும். பிழைதானே என்று அந்த வாசிப்பையே தூக்கிப் போடுகிற நிரல்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இடைவெளி அரிதாகியதே தவிரப் போகவில்லை. பாதை பெரிதாகியது, எண்ணிக்கை ஒன்றுதான். வழக்கமாக அந்த இடைவெளி நூறு மைக்ரோசெக்கனுக்குள் முடிந்துவிடும், 512க்குள் தப்பித்துவிடுவோம். லினக்ஸ் வேறொரு வேலையை எடுத்துக்கொண்டு எங்கள் நிரலைச் சில மில்லிசெக்கன் காக்கவைக்கும் அந்த ஒரு தடவையில்தான் போச்சு. மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பரிசோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். கடலில் ஒரு மணி நேரம் போனால் டிக். இந்த வகைத் திருத்தத்தில் எனக்கு உள்ள மனக்குறையே இதுதான்: குறையை நீக்காமல் ஒளித்து வைக்கிறது.

அடுத்தது, பல வாசிப்புகளை ஒரே நேரத்தில் வரிசையில் போட்டு வைப்பது. லிப்யூஎஸ்பியின் அசிங்க்ரோனஸ் (முடியும் வரை காத்திராத) முறை இதற்குத்தான். ஒன்று முடிந்ததும் ஹோஸ்ட் கன்ட்ரோலர் நிரலைக் கேட்காமலே அடுத்ததைத் தொடங்கிவிடும், ஏனென்றால் அது ஏற்கெனவே கேர்னலுக்குள் (லினக்ஸின் உட்கருவுக்குள்) காத்திருக்கிறது. முடிந்ததற்கு உங்கள் கால்பேக், அதாவது முடிந்ததும் அழைக்கப்படும் பங்ஷன், ஓடும். அதில் நிரம்பிய பஃபரை எடுத்து, காலியான ஒன்றைக் கொடுத்து, வரிசையின் கடைசியில் மறுபடி போட வேண்டும். ஒரே எண்ட்பாயின்டுக்குப் போட்ட வாசிப்புகள் போட்ட ஒழுங்கிலேயே முடியும் என்பதால் தரவு முன்பின்னாகாது.

எத்தனை போடுவது? பலர் நாலு, எட்டு என்று ஊகமாகப் போடுகிறார்கள். கணக்குப் போட்டே தீர்மானிக்கலாம். 16 கிலோபைட் வாசிப்பு 32 போட்டால் மொத்தம் 512 கிலோபைட். எங்கள் வேகத்தில் அது 131 மில்லிசெக்கன். அவ்வளவு நேரம் எங்கள் நிரல் தூங்கினாலும் ஒரு மாதிரி கூடச் சிந்தாது. முன்பு 512 மைக்ரோசெக்கன், இப்போது அதைப் போல 250 மடங்குக்கு மேல். புது வன்பொருள் எதுவும் இல்லாமல் கிடைத்த பெருக்கம் இது. லினக்ஸ் இந்த வகைப் பஃபர்களுக்கு வழக்கமாக மொத்தம் 16 மெகாபைட் வரைதான் தரும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள். அதற்கு மேல் வேண்டுமென்றால் கேர்னலின் யூஎஸ்பி அமைப்பில் அந்த எண்ணைக் கூட்ட வேண்டும்.

இங்கே இரண்டு குழிகள். முதலாவது, கால்பேக்குக்குள் கோப்பு எழுதுவது. எழுதினால் பழைய கதைதான், வரிசை கரைந்து போகும். இரண்டாவது, நிரலை மூடும்போது. வரிசையில் நிற்கிற வாசிப்புகளை ரத்துச் செய்தவுடன் பஃபர்களை விடுவிக்கக் கூடாது. ரத்தானவற்றுக்கும் கால்பேக் வரும். எல்லாம் வந்து சேர்ந்த பிறகுதான் விடுவிக்க வேண்டும். படகில் வயர் ஆடிக் கழன்றபோது எங்கள் நிரல் விழுந்தது இதனால்தான். வரிசையைச் சரியாகப் போட்டிருந்தோம், கலைக்கத் தெரியவில்லை.

எஸ்டி கார்டு என்கிற சோம்பேறி

இது யூஎஸ்பி விஷயமே இல்லை, ஆனால் எங்கள் டிக்குகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வந்தன. கிளாஸ் 10 கார்டு என்றால் தொடர்ச்சியாக எழுதும்போது செக்கனுக்குக் குறைந்தது 10 மெகாபைட். எங்கள் 4க்கு அது தாராளம். ஆனால் அது சராசரி. கார்டு இடையிடையே தன் உள்வேலைக்காக நின்றுவிடும். சில நேரம் நூறு மில்லிசெக்கன், சில நேரம் அதற்கும் மேல். 131 மில்லிசெக்கன் வரிசை அதன் முன்னால் காணாது.

அதற்கு யூஎஸ்பி வரிசையைப் பெருப்பித்துக்கொண்டே போவதில் பயனில்லை. வாசிக்கிற த்ரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் இழை) ஒன்று, எழுதுகிற த்ரெட் ஒன்று, நடுவில் மெமரியில் ஒரு வட்டப் பஃபர். ராஸ்பெரி பை 3இல் 1 ஜிகாபைட் ரேம் இருக்கிறது. அதில் 64 மெகாபைட்டை ஒதுக்கினாலே 16 செக்கன் தாங்கும். கார்டு கோபித்துக்கொண்டு ஐந்து செக்கன் நின்றாலும் கவலையில்லை. வாசிக்கிற த்ரெட்டுக்கு நிகழ்நேர முன்னுரிமை கொடுத்துவிட்டால், எழுதுகிற த்ரெட் என்ன கூத்தாடினாலும் இதைத் தொடாது. வரிசை மில்லிசெக்கன் விக்கலுக்கு, வட்டப் பஃபர் செக்கன் கணக்கு நிறுத்தத்துக்கு. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது, இரண்டும் வேண்டும்.

கேர்னலுக்குள் போவதா?

“சொந்தமா கேர்னல் டிரைவர் எழுதினா இன்னும் வேகமா வராதே, அண்ணை?” தம்பிக்கு இதில் ஆசை அதிகம். எழுதிவிட்டால் சொல்லிக்கொள்ளலாம் என்கிற ஆசை, அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

கேர்னல் டிரைவரின் பலன்கள் உண்மையானவை. தரவு கேர்னலிலிருந்து நிரலுக்கு ஒரு தடவை நகலெடுக்கப்படுவது மிச்சம். வாசிப்பு முடிந்ததும் அடுத்ததைப் போடுகிற வேலை இன்டரப்ட் நேரத்திலேயே நடக்கும், நிரலுக்கு முறை வரும் வரை காத்திருக்க வேண்டாம். கருவியை ஒலி அட்டை போலவோ, சாதாரணக் கோப்பு போலவோ காட்டலாம், எந்த நிரலும் திறந்து வாசிக்கும்.

ஆனால் செக்கனுக்கு 4 மெகாபைட்டை நகலெடுப்பது இன்றைய ப்ரோசெசருக்கு ஒரு வேலையா? 300, 400 மெகாபைட் ஓடுகிற யூஎஸ்பி 3 கேமராவுக்கு அந்த மிச்சம் பெரிது. எங்களுக்கு இல்லை. அதோடு, கேர்னலுக்குள் போனதாலேயே இடைவெளி போய்விடாது. கேர்னலிலும் யூஎஸ்பி பல்க் எம்எஸ்ஜி என்று ஒரு பங்ஷன் உண்டு, ஒரு வாசிப்பைக் கொடுத்துவிட்டு முடியும் வரை காத்திருக்கும். அதை லூப்பில் போட்டு எழுதப்பட்ட டிரைவர்கள் இருக்கின்றன. அதுவும் ஒற்றைப் பாதைதான், கேர்னலுக்குள் ஓடுகிற பாதை. அங்கேயும் யூஆர்பிகளை (கேர்னலில் யூஎஸ்பி கோரிக்கைகளின் பெயர்) பல எண்ணிக்கையில் வரிசையில் போட்டால்தான் விடிவு. லினக்ஸின் வெப்கேம் டிரைவர் ஐந்து யூஆர்பிகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களிடம் ஏற்கெனவே ஒரு கேர்னல் டிரைவர் இருந்து அது மெதுவாக ஓடினால், முதலில் இந்தப் பங்ஷனைத் தேடிப் பாருங்கள்.

பிறகு விலை. நிரலில் பிழை இருந்தால் நிரல் விழும், மறுபடி ஓட்டலாம். கேர்னலில் பிழை இருந்தால் பை முழுவதும் உறையும், நடுக்கடலில் பதிவும் சேர்ந்து போகும். வாசிப்பு முடிந்ததும் ஓடும் ரூட்டினுக்குள் தூங்கக்கூடிய எந்த அழைப்பும் கூடாது, மெமரி கேட்பதென்றால்கூடக் காத்திராத ‘அட்டாமிக்’ வகையில்தான் கேட்க வேண்டும். கேர்னல் புதுப்பிக்கும் ஒவ்வொரு தடவையும் டிரைவர் மாட்யூலை மறுபடி கட்ட வேண்டும். வளாகத்தில் படித்து முடித்துத் தம்பி கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு அதை யார் கட்டுவது? நானா? ஆகவே இதை ஒதுக்கிவிட்டோம். உங்கள் கருவி பல ஆயிரம் பேர் கைக்குப் போகப்போகிறது, அல்லது தரவு செக்கனுக்கு நூறு மெகாபைட்டைத் தாண்டுகிறது என்றால் முடிவு மாறலாம்.

ஐசோக்ரோனஸ்: நேரத்துக்கு வரும், ஆனால்

பல்க் அல்லாத இன்னொரு யூஎஸ்பி முறை ஐசோக்ரோனஸ். ஒலிக்கும் படத்துக்கும் அதுதானே பொருத்தம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஹை ஸ்பீடில் ஒரு மைக்ரோஃபிரேமுக்கு 1024 பைட் மூன்று, செக்கனுக்கு 24 மெகாபைட்டுக்கு மேல் கிடைக்கும். அந்த இடம் உங்களுக்கென்றே ஒதுக்கப்படும், பக்கத்தில் ஒரு பென்டிரைவ் முழு வேகத்தில் ஓடினாலும் யாரும் பறிக்க முடியாது. பல்க்குக்கு அந்த உத்தரவாதம் இல்லை, மிஞ்சின நேரம்தான் அதற்கு. யூஎஸ்பி ஆடியோ வகையாகக் கருவியைச் செய்துவிட்டால் டிரைவரே எழுதத் தேவையில்லை என்பது இன்னொரு கவர்ச்சி.

ஆனால் ஐசோக்ரோனஸில் பிழைபட்ட பாக்கெட்டை மறுபடி கேட்கும் வழக்கம் இல்லை. போனது போனதுதான். தொலைபேசிப் பேச்சில் ஒரு துளி போனால் காது நிரப்பிக்கொள்ளும். நாங்கள் நான்கு மைக்குகளுக்கு ஒலி வந்து சேர்ந்த நேர வித்தியாசத்தைப் பார்த்துத் திமிங்கிலம் எந்தத் திசையில் என்று கணிக்கப் போகிறோம். கடல் நீரில் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், ஆகவே நடுவில் கொஞ்சம் தரவு போனாலும் அந்த நேரக் கணக்கே பிசகிவிடும். பல்க்கில் பிழை வந்தால் வன்பொருளே மறுபடி வாங்கித் தந்துவிடும். இஞ்சினும் உப்புக்காற்றும் சேர்ந்த படகில் கம்பி சுத்தமாக இருக்கும் என்று நம்ப நான் தயாரில்லை. பல்க்கிலேயே நின்றோம்.

ராஸ்பெரி பை 3இல் இருக்கும் நான்கு யூஎஸ்பி துவாரங்களும் ஈத்தர்நெட்டும் ஒரே 480 மெகாபிட் இணைப்பைப் பங்கு போடுகின்றன. பல்க்கில் நிற்பதென்றால் பதிவின்போது நெட்வொர்க்கில் பெரிய கோப்பு நகர்த்தக் கூடாது. அதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டோம். பை 4க்கு மாறினால் இந்தப் பங்காளிச் சண்டை பெருமளவு தீரும், அதில் யூஎஸ்பி தனிச் சிப் வழியாக பிசிஐ எக்ஸ்பிரஸில் இணைகிறது.

வன்பொருளைத் தொடுவது

இங்கே இரண்டு தனி யோசனைகள் கலந்து பேசப்படுகின்றன. ஒன்று கருவிக்குள் பஃபரைக் கூட்டுவது, மற்றது யூஎஸ்பி 3க்கு மாறுவது.

முதலாவது எனக்குப் பிடித்த யோசனை. ஏடிசிக்கும் யூஎஸ்பி சிப்புக்கும் நடுவில் சிறிய எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைக்கக்கூடிய சிப்) ஒன்று. ஐஸ்40 யூபி5கே போன்ற சின்னச் சிப்பிலேயே 128 கிலோபைட் மெமரி இருக்கிறது. எங்கள் வேகத்தில் அது 32 மில்லிசெக்கன், இப்போதைய 512 மைக்ரோசெக்கனைப் போல 64 மடங்கு. வரிசை முறையால் தீராத ஒன்றையும் இது தீர்க்கும்: ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் தொடர் எண் போடலாம். 512 பைட்டில் முதல் 8 பைட்டை எண்ணுக்கு விட்டால் இழப்பு ஒன்றரை சதவீதம்தான். எண் தாவியிருந்தால் எத்தனை மாதிரி போயிற்று என்று துல்லியமாகத் தெரியும், அந்த இடத்தைக் காலியாக விட்டு நேரத்தைச் சரியாக வைத்துக்கொள்ளலாம். குறை, போர்டை மறுபடி வரைய வேண்டும்.

யூஎஸ்பி 3 பற்றி ஒரு பத்திக்கு மேல் எழுத மனமில்லை. 5 ஜிகாபிட் நல்லதுதான். ஆனால் குழாய் பெரிதாவதால் இடைவெளி சிறிதாகாது. ஒற்றை வாசிப்பு முறையை அப்படியே கொண்டுபோனால் அங்கேயும் சிந்தும். எஃப்எக்ஸ்2இன் யூஎஸ்பி 3 வாரிசான எஃப்எக்ஸ்3 சிப்புக்கு மாறினவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்தால், அதில் உள்ள 512 கிலோபைட் உள்மெமரிதான் தீர்த்திருக்கும், 5 ஜிகாபிட் அல்ல. தவிர, யூஎஸ்பி 3 கம்பிகள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கக்கும். வைஃபையில் கருவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் படகில் அது புதுத் தலையிடி.

தரவையே குறைத்தால்?

முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, எங்களுக்குக் கடைசியில்தான் வந்தது. நீலத்திமிங்கிலத்தின் குரல் மிகத் தாழ்ந்தது, பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடும். அதற்கு செக்கனுக்கு 2000 மாதிரி எடுத்தால் போதும். நான்கு சானலுக்கும் சேர்த்து 16 கிலோபைட். மலிவான ஃபுல் ஸ்பீட் சிப்பே சிரித்துக்கொண்டு செய்துவிடும், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆனால் தம்பிக்கு டொல்பினும் வேண்டும். டொல்பினின் எதிரொலிச் சத்தம் 100 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். அதைப் பிடிக்க 5 லட்சம் மாதிரி தேவைதான். சரி, ஆசைக்கு விலை உண்டு. உங்களுக்கு அந்த ஆசை இல்லையென்றால் மேலே உள்ள எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஏடிசியின் வேகத்தைக் குறையுங்கள்.

நோய் வேறாக இருந்தால்

ஒரு சிலருக்கு அளவு பிரச்சினையே இல்லை, பதில் வரத் தாமதம்தான் பிரச்சினை. ஆழமானி போன்ற கருவியிடம் சின்னக் கேள்வி அனுப்பி, சின்னப் பதில் வந்த பிறகு அடுத்ததைக் கேட்கிற நிரல். யூஎஸ்பியைச் சீரியலாக மாற்ற எஃப்டிடிஐ சிப் வைத்திருந்தால், பாக்கெட் நிரம்பாதவரை அது 16 மில்லிசெக்கன் பொறுத்துத்தான் அனுப்பும். செக்கனுக்கு 60 கேள்விக்கு மேல் போகாது, பாட் ரேட்டை (சீரியல் வேகத்தை) எவ்வளவு கூட்டினாலும் அசையாது. வரிசை, பெரிய பஃபர் எதுவும் இங்கே உதவாது. பெரிய பஃபர் சில நேரம் கெடுக்கும். லினக்ஸில் அந்தக் காத்திருப்பைத் தீர்மானிக்கும் லேட்டன்சி டைமரை 1 மில்லிசெக்கன் ஆக்குங்கள், அவ்வளவுதான்.

எது உங்கள் நோய் என்று தெரியாமல் மருந்து சாப்பிடாதீர்கள். எங்கள் ஃபர்ம்வேரில் (போர்டுக்குள் ஓடும் நிரலில்) பஃபர் வழியும்போது ஓர் எண்ணியைக் கூட்டுகிற மாதிரி வைத்தோம், அதை கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபர் (கட்டளைகளுக்கான யூஎஸ்பி முறை) வழியே வாசிக்கலாம். டிக் கேட்டபோது அந்த எண்ணி கூடியிருந்தால் சிந்தியது கருவிக்குள். கூடவில்லையென்றால் சிந்தியது எங்கள் நிரலுக்குள். எப்போது எந்த வாசிப்பு போனது, எப்போது முடிந்தது என்று யூஎஸ்பி போக்குவரத்தைப் பதியும் கேர்னலின் யூஎஸ்பிமானைப் போட்டு, அதைக் காட்டும் வயர்ஷார்க் நிரலில் பார்த்தால், இடைவெளிகள் கண்ணுக்கே தெரியும்.

எடுத்த முடிவு

வரிசையும் வட்டப் பஃபரும் முதலில். ஒரு வார இறுதி வேலை, செலவு எதுவும் இல்லை. ஏடிசிக்குப் பதிலாகக் கூடிக்கொண்டே போகும் எண்களைப் போர்டு அனுப்பும்படி செய்து, கூடவே எஸ்டி கார்டில் இன்னொரு பெரிய கோப்பை வேண்டுமென்றே எழுதவைத்து, உள்துறைமுகத்தில் படகைக் கட்டிவைத்தபடி இஞ்சினையும் ஓட்டி ஒரு மணி நேரம் பார்த்தோம். 14.4 ஜிகாபைட். எண் ஓரிடத்திலும் தாவவில்லை. பழைய நிரலை அதே நிலையில் ஓட்டினால் முதல் நிமிடத்திலேயே தாவியது. எஃப்பிஜிஏ போர்டை வாடைக்காலத்தில் வரைவதாக முடிவு, அந்த மாதங்களில் எப்படியும் கடலுக்குப் போக முடியாது. யூஎஸ்பி 3 இல்லை. கேர்னல் டிரைவரும் இல்லை.

கேர்னல் டிரைவர் எழுதாததில் தம்பிக்கு இன்னும் கொஞ்சம் மனவருத்தம் உண்டு. போன கிழமை பை பழுதானபோது, படகுக்கார ஐயாவின் மகளுடைய மடிக்கணினியைக் கடன் வாங்கினோம். விண்டோஸ். கருவிக்கு விண்டோஸின் பொது டிரைவரான வின்யூஎஸ்பியை இணைத்துவிட்டு, அதே லிப்யூஎஸ்பி நிரலை அங்கே கொம்பைல் செய்தான், கோப்பு எழுதும் பகுதியில் நாலைந்து வரி மட்டும் மாற்றி. நிலாவெளிக்கு அப்பால் போய்ச் சேருவதற்குள் பதிவு ஓடத் தொடங்கிவிட்டது.

“மாட்யூல் எழுதியிருந்தா இதில ஓடியிருக்காது, என்ன அண்ணை?” என்றான், ஹைட்ரோபோன் வயரை இறக்கிக்கொண்டே.